சதுர அடிக்கு ஒன்றரை ரூபா

அத்தியாயம் பதினொன்று

அட்டாளைச்சேனையிலிருந்து ஆசியா உம்மாவின் கம்பளம் வந்து சேர்ந்து மூன்று நாட்களாகிவிட்டன. கம்பளத்தை இறக்கிய ஆள் சொல்லிவிட்டுப் போனது ஒரே ஒரு வசனம்தான்.

"மாப்பிள்ளைட உம்மா தந்தவ. கழுவித் தரட்டாம்."

கூலி எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை. கூலி என்ற சொல்லே வரவில்லை.

மருதமுனையில் ஹவ்வா உம்மாவின் வீட்டில் அந்த மூன்று நாட்களும் அதே பேச்சுத்தான். மகள் றாஹிலாவுக்கு ஆசியா உம்மாவின் இளைய மகன் சரீபைப் பேசி இரண்டு மாதமாகிறது. சரீப் கலாசாலைப் படிப்பை முடித்த ஆசிரியர். பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்றும் சொன்னார்கள். ஆனால் சீதனமாகப் பெண்ணுக்கென்று கட்டுகிற வீடு கூரை மட்டத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். அந்தப் பதில் இன்னும் வரவில்லை. கம்பளம்தான் வந்திருக்கிறது.

மகன் ஜெமீல் குவைத்தில் ஆறு வருடம் கம்பளச் சலவைக் கூடமொன்றில் வேலை செய்துவிட்டுப் போன வருடம் ஊர் திரும்பியவன். தங்கச்சியின் காரியம் முடியாமல் தனக்குக் கல்யாணம் வேண்டாமென்று முப்பத்திரண்டு வயதிலும் தனியாக நிற்கிறான். கொண்டுவந்த பணத்தில் பாதி அவளுடைய வீட்டின் சுவர்களாக எழும்பியது. மீதியில், அந்தச் சுவர்களுக்குப் பக்கத்திலேயே சாய்வாக ஒரு சீமெந்துத் தளம் போட்டு, கிணற்றுக்கு ஒரு பம்பு பூட்டித் தொழிலைத் தொடங்கினான்.

அடித்துத் தூசி எடுக்கச் சதுர அடிக்கு ஐம்பது சதம். கம்பளிக் கம்பளத்தை முழுதாய்க் கழுவ ஒன்றரை ரூபா. கறை எடுப்பது தனிப் பேச்சு. முதல் மாதம் ஊரே சிரித்தது. பாயில் படுக்கிற ஊரில் கம்பளம் கழுவ யார் வருவார்கள் என்று கேட்டார்கள். ஆனால் வெளிநாட்டுக்குப் போய்வந்த வீடுகளில் இப்போது கூடத்துக்குக் கூடம் கம்பளம் கிடந்தது. அதைச் சவர்க்காரத் தூளும் சுடுதண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கெடுத்தவர்கள்தான் முதலில் வந்தார்கள். பிறகு கெடுக்காதவர்களும் வந்தார்கள். கல்முனை டொக்டர் வீட்டுக் கம்பளம் திரும்பிப் போன பிறகு சிரிப்பு நின்றது.

றாஹிலா கழுவும் தளத்துக்கு வந்தது அதற்குப் பிறகு. நெசவு நிலையத்தில் ஐந்து வருடம் நூலுக்குச் சாயம் போட்டவள் அவள். எந்த நிறம் தண்ணீரில் இறங்கும், எது இறங்காது என்பது ஜெமீலை விட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இன்று செவ்வாய்க்கிழமை. மேற்கிலிருந்து வீசுகிற வறண்ட கச்சான் காற்று விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டது. கம்பளம் காய்வதற்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

ஜெமீல் கம்பளத்தைப் புறம்திருப்பிக் குறுக்காகக் கட்டிய மரத்தில் போட்டு, பிரம்பால் அடித்து முடித்திருந்தான். அடியில் விழுந்த மண்ணைக் கூட்டி அள்ளினால் அரிசி அளக்கிற சுண்டால் இரண்டு சுண்டு வரும். தண்ணீர் படுவதற்கு முன்பு மண் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் அது சேறாகி வேரிலே இறுகிவிடும் என்பது அவன் குவைத்தில் முதல் நாள் படித்த பாடம்.

பிறகு கம்பளத்தைத் தளத்தில் விரித்தார்கள். ஒன்பதுக்கு ஆறு. நடுவே ஆழ்ந்த சிவப்பு, அதில் நீலக் கொடி. ஓரத்தில் வெள்ளை நிலத்தில் சிவப்புப் பூக்கள். ஆசியா உம்மாவின் கணவர் ஹஜ்ஜுக்குப் போய் வரும்போது ஜித்தாவில் வாங்கியது. அவர் மௌத்தாகிவிட்டார். நாலு வருடத்துக்கு முன் சூறாவளியில் ஓடு பறந்தபோது இரண்டு நாள் தண்ணீரில் கிடந்து, சிவப்பு ஊறி வெள்ளை ஓரத்தில் திட்டுத் திட்டாகப் படர்ந்துவிட்டது.

ஜெமீலுக்கு அது கவலையாக இருந்தது. குவைத்தில் இப்படி வந்தால், நிறம் ஊறியதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அழுக்கை மட்டும் எடுத்துத் திருப்பிக் கொடுப்போம் என்றான் அவன்.

றாஹிலா முந்தாநாளே சோதித்துப் பார்த்திருந்தாள். கம்பளத்தின் பின்புறத்திலிருந்து சிவப்பு ஊறிய நாலு இழையை இழுத்தெடுத்து, நெசவு நிலையத்துச் சாயக் கொட்டிலில் நிறம் இறக்குகிற ஹைட்ரோஸ் தூளில் போட்டாள். கொட்டிலில் அந்தத் தூளோடு எப்போதும் கோஸ்டிக் சோடாவும் சேரும். அதைச் சேர்த்த கிண்ணத்தில் கம்பளி இழை கூழாகிப் போனது. சோடா இல்லாமல், கொஞ்சம் வினாகிரி மட்டும் விட்ட கிண்ணத்தில் சிவப்புப் போய் இழை முழுதாக நின்றது. இழுத்துப் பார்த்தாள், அறவில்லை.

"எடுக்கலாம் காக்கா. வெள்ளையில மட்டும் படணும், பூவில பட்டா பூவும் போகும். அவ்வளவுதான்," என்றாள் அண்ணனிடம்.

"மாப்பிள்ளை வீட்டுக் கம்பளத்திலயா நீ புதுசாப் படிக்கப் போறாய்?"

"படிச்சு முடிச்சிட்டன். இது செய்யிறது."

ஜெமீல் விட்டுக்கொடுத்தான். அவள் அந்தக் குரலில் பேசினால் காரியம் சரியாக இருக்கும் என்பதை இந்த எட்டு மாதத்தில் பார்த்திருக்கிறான்.

அவர்கள் முரண்பட்டது கூலியில்தான். சம்மந்தக்காரரிடம் கூலி கேட்பதா என்று ஹவ்வா உம்மா காலையிலிருந்தே கலங்கிக்கொண்டிருந்தாள். ஜெமீலும் உம்மாவின் பக்கம்தான். ஒரு கம்பளத்தைச் சும்மா கழுவிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது, பதில் நல்லபடியாக வந்தால் போதும் என்றான். றாஹிலா கூலித் துண்டை எழுதியே வைத்திருந்தாள். ஐம்பத்துநாலு சதுர அடி, எண்பத்தொரு ரூபா. ஊறிய நிறம் எடுக்க எழுபத்தைந்து. மொத்தம் நூற்று ஐம்பத்தாறு.

"இண்டைக்குச் சும்மா செஞ்சா அது சீதனத்துல ஒண்டாப் போயிடும் உம்மா," என்றாள் அவள். "மறுகா அவங்கட மூத்த மகள்ட கம்பளம் வரும், மச்சிட கம்பளம் வரும். காக்கா கழுவிக்கிட்டே இரிக்கணும்."

பத்து மணிக்கு வாசலில் ஒரு மொரிஸ் மைனர் கார் வந்து நின்றது. ஆசியா உம்மா இறங்கினார்.

சொல்லாமல் வந்திருந்தார். அறுபது வயது இருக்கும். கணவர் போன பிறகு பதினெட்டு ஏக்கர் வயலைத் தானே நின்று செய்விக்கிற மனுஷி. ஹவ்வா உம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு ஓடிப்போய் சலாம் சொன்னாள். உள்ளே வந்து இருக்கும்படி கூப்பிட்டாள். உண்மையில், கல்யாணம் பேசியிருக்கிற மகள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஈரத்தில் நிற்பதை அந்த அம்மா பார்த்துவிடக் கூடாதென்பதுதான் அவளுடைய அவசரம்.

ஆசியா உம்மா உள்ளே போகவில்லை. கம்பளம் எங்கே என்று கேட்டு நேரே தளத்துக்கு வந்துவிட்டார்.

கழுவுவது பாதியில் இருந்தது. குவைத்திலிருந்து கொண்டுவந்த சம்பூவைப் பச்சைத் தண்ணீரில் கலந்து, மென்மையான பிரஷ்ஷால் கம்பளியின் சாய்வுப் பக்கமாகவே ஜெமீல் வாரிக்கொண்டிருந்தான். தளத்தின் சாய்வில் கரிய தண்ணீர் இறங்கி ஓடியது. ஆசியா உம்மா அந்தத் தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்தார். இவ்வளவு அழுக்கின் மேலா இத்தனை காலம் இருந்தோம் என்று கேட்டார். பிறகு வெள்ளை ஓரத்தைக் காட்டி, இது போகுமா என்றார்.

அவர் கேட்டது ஜெமீலிடம். ஜெமீல் தங்கச்சியைப் பார்த்தான். ஹவ்வா உம்மா கண்களை மூடிக்கொண்டாள்.

றாஹிலா கையைத் துடைத்துவிட்டு முன்னால் வந்தாள். என்ன தூள், எப்படிப் போடுவது, எங்கே படக்கூடாது என்பதையெல்லாம் சொன்னாள். சொல்லி முடித்துத் துண்டை நீட்டினாள்.

ஆசியா உம்மா துண்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார்.

"சம்மந்தம் பேசுற இடத்துக்கும் விலையா மகள்?"

"ஓம் மாமி. சம்மந்தம் இன்னும் பேச்சிலதானே இரிக்கி. வேலை இண்டைக்கே முடியும்."

ஆசியா உம்மா துண்டை மடித்தார்.

கூலி தரத் தனக்கு மனக்குறையில்லை என்றார். ஆனால் பூவும் சேர்ந்து போய்விட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அவருடைய மனுஷன் தன் கையால் சுமந்து கொண்டுவந்த சாமான் அது.

"நிறம் போகாட்டி எழுபத்தஞ்சு ரூபாவும் வேணாம்," என்றாள் றாஹிலா. "கம்பளி பழுதாப் போனா கம்பளத்துட விலைய நாங்க தருவம்."

ஜெமீலின் கையிலிருந்த பிரஷ் நின்றது. அப்படியொரு கம்பளம் இன்றைக்கு எட்டாயிரத்துக்குக் குறையாது. கூரை மரத்துக்கும் ஓட்டுக்குமென்று வங்கியில் கிடப்பதே அவ்வளவுதான். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஆசியா உம்மா ஒரு கதிரை கேட்டார். முருங்கை மரத்து நிழலில் அதைப் போடுவித்து, வெற்றிலைப் பையை அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நண்பகல் லுஹர் பாங்கு சொல்வதற்குள் கழுவல் முடிந்தது. மூன்று தரம் தண்ணீர் விட்டு, பலகையால் இழுத்து, ஓடுகிற தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் போலத் தெளியும்வரை அலசினார்கள். தொழுதுவிட்டு வந்து நிறம் எடுக்கத் தொடங்கினார்கள்.

இளஞ்சூட்டுத் தண்ணீரில் தூளைக் கரைத்ததும் கந்தக நெடி எழும்பியது. ஆசியா உம்மா மூக்கை மூடிக்கொண்டாரே தவிர எழும்பவில்லை. ஜெமீல் ஒவ்வொரு பூவையும் உலர்ந்த துணியால் சுற்றி அணைத்துப் பிடிப்பான். றாஹிலா சிறு துணியைத் தோய்த்துப் பிழிந்து வெள்ளையின் மேல் ஒற்றுவாள். திட்டு முதலில் மஞ்சளாகும். அவள் மனதுக்குள் எண்ணுவாள். பிறகு துடைத்து, தண்ணீரால் ஒற்றி, வினாகிரித் தண்ணீரால் ஒற்றி எடுத்தால் வெள்ளை நிற்கும்.

முதல் திட்டு போனபோது ஆசியா உம்மா கதிரையை இரண்டடி முன்னால் இழுத்துப் போட்டார். மூன்றாவது போனபோது வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து குனிந்து நின்றார். வெள்ளை என்றால் கடையில் வாங்கிய அன்றைய வெள்ளை இல்லை. பழைய பாலின் நிறம். ஆனால் சிவப்பு எங்கும் இல்லை. அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். தன் மனுஷனுக்கு இந்த ஓரம்தான் பிடிக்கும் என்று யாரிடமென்றில்லாமல் சொன்னார்.

பதினேழு திட்டுகளில் பதினைந்து முடிந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் அது நடந்தது. எட்டாயிரத்தை நினைத்து நினைத்துக் களைத்திருந்த ஜெமீல், முழங்காலை மாற்றி ஊன்றியபோது அவன் கை கிண்ணத்தின் விளிம்பில் பட்டது. ஒரு கரண்டி அளவுதான் சிந்தியது. சிந்தியது மூலைப் பூவின் மேல்.

றாஹிலா உடனே தண்ணீரை ஊற்றினாள். ஆனாலும் ஒரு இதழ் வெளிறிவிட்டது. பெருவிரல் அகல இதழ். ஆழ்ந்த சிவப்புக்கு நடுவே அது மாதுளம் பூ வாடியதுபோலத் தெரிந்தது.

ஆசியா உம்மா அப்போது சாரதியிடம் ஏதோ சொல்வதற்காக வாசல் பக்கம் போயிருந்தார். தேநீர் கொண்டுவந்த ஹவ்வா உம்மா பார்த்துவிட்டாள். துணியை அதன் மேல் போடு என்று கையால் சைகை காட்டினாள். ஈரத்தில் தெரியாது. காய்ந்த பிறகும் மூலையை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? அவளுடைய முகத்தில் மகளின் வாழ்க்கை முழுவதும் தெரிந்தது. றாஹிலாவுக்கு உம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தத் துணி கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. இரண்டு மாதமாகச் சரீபின் பெயரை யாராவது சொன்னால் அவளும்தான் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவள் துணியைத் தொடவில்லை. ஆசியா உம்மா திரும்பி வந்ததும் எழுந்து நின்றாள்.

"மாமி, மூலைப் பூவில ஒரு இதழ் வெளிறிப் போச்சு. வந்து பாருங்க."

"என்ட கையால நடந்தது," என்றான் ஜெமீல். "அவ செய்யல்ல."

ஆசியா உம்மா குனிந்து நெடுநேரம் பார்த்தார். பாய்க்குப் போடுகிற சாயம் வீட்டில் இருக்குமே, அதைத் தொட்டு வைக்க ஏலாதா என்று கேட்டார். வைக்கலாம் என்றாள் றாஹிலா. இன்றைக்கு அச்சு அசலாய் இருக்கும், மூன்று மாதத்தில் கால் பட்டு அழியும், அழியும்போது பக்கத்து வெள்ளையையும் கெடுக்கும். கம்பளிக்கென்று உள்ள சாயத்தைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துச் செய்தால் நிற்கும். அதற்கு இரண்டு வாரம் வேண்டும். அதுவரை இதழ் இப்படித்தான் இருக்கும்.

"இழை பழுதாகல்ல. நிறம்தான் போயிரிக்கி. அதால கம்பளத்துட விலைய நாங்க தரமாட்டம். ஆனா நிறம் எடுத்த எழுபத்தஞ்சு ரூபா எங்களுக்கு வேணாம். சாயம் வந்த உடனே நானே செஞ்சு தாறன்."

"நான் அங்கால போயிருந்த நேரம் இதை மறைச்சிருக்க ஏலாதா?"

"ஏலும். நீங்க கண்டிருக்கவும் மாட்டீங்க."

ஆசியா உம்மா நிமிர்ந்தார். மீதி இரண்டு திட்டையும் எடுத்து முடிக்கச் சொன்னார். முடிந்து, கம்பளத்தைச் சுருட்டித் தண்ணீர் வடித்து, நிழலில் இரண்டு தென்னங்குற்றியின் மேல் காற்றுப்படப் போடும்வரை இருந்தார். பிறகு இடுப்புப் பையை அவிழ்த்து எண்பத்தொரு ரூபாவை எடுத்து றாஹிலாவின் கையில் கொடுத்தார். ஜெமீலிடம் கொடுக்கவில்லை.

ஹவ்வா உம்மா இனிக் கதை முடிந்துவிட்டது என்றே நினைத்தாள். காரை நோக்கி நடந்த ஆசியா உம்மா, ஓடில்லாமல் நிற்கிற வீட்டுக்கு முன்னால் நின்றுவிட்டார். சுவர்களை அண்ணாந்து பார்த்தார்.

வீடு முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை என்றார். கூரை எப்போதாவது போட்டுக்கொள்ளலாம். சரீபுக்கும் மனமிருக்கிறது, தனக்கும் இன்றைக்கு மனம் வந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை மூத்த மகனை அனுப்புவார், நாள் வைத்துக்கொள்ளலாம்.

ஹவ்வா உம்மாவின் கண் நிறைந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆசியா உம்மா இன்னும் முடிக்கவில்லை.

"ஒரு விசயம். இந்தக் கழுவுற தொழில, தளம் பம்பு எல்லாத்தோடயும், மகள்ட பேருல எழுதித் தாங்க. கூரைய விட எனக்கு அது பெரிசு."

ஜெமீல் தலையைக் குனிந்துகொண்டான். ஆறு வருடத்துக் குவைத் வெயில் அந்தத் தளத்தில் கிடந்தது. வீடு தங்கச்சிக்கென்று போகும்போதே அவன் கையில் மிஞ்சியது அது ஒன்றுதான். ஹவ்வா உம்மா மகனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். எந்தப் பிள்ளையின் பக்கம் பேசுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

றாஹிலாவுக்கு மட்டும் யோசிக்க நேரம் தேவைப்படவில்லை.

"மாமி, கம்பளத்துக்கு நான் விலை சொல்லுவன். காக்காட ஆறு வருசத்துக்கு விலை சொல்ல என்னால ஏலா. அது சீதனத்துல சேராது."

"சேராட்டி?"

"வெள்ளிக்கிழமை ஆள் அனுப்பாதீங்க."

அவள் குரல் உயரவில்லை. உள்ளங்கையிலிருந்த தாள்கள் மட்டும் கசங்கிப்போயிருந்தன.

ஆசியா உம்மாவுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. தொழில் யாருடையதோ அவர் சொல்லட்டும், பெண்பிள்ளை சொன்னதைப் பதிலாக எடுக்க மாட்டேன் என்று ஜெமீலைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். மொரிஸ் மைனர் தெரு முனையில் திரும்பியது.

பிறகு ஹவ்வா உம்மா அழுதாள். மகளைக் குறை சொல்லி அழுதாளா, மகனுக்காக அழுதாளா என்று அவளுக்கே பிரிக்க முடியவில்லை. றாஹிலா கம்பளத்தின் பக்கத்தில் போய் நின்று, காற்றில் விறைக்கத் தொடங்கிய கம்பளியை ஒரே திசையில் வாரிவிட்டாள். செய்தது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் சரீபின் முகம் நினைவுக்கு வந்தபோது வாரியதையே மறுபடியும் வாரிக்கொண்டிருந்தாள்.

பின்நேர அசர் தொழுகைக்குப் பின் ஜெமீல் உள்ளேயிருந்து வந்தான். ஜும்மாவுக்கு உடுக்கிற வெள்ளைச் சாரமும் புதுச் சட்டையும் போட்டிருந்தான். கையில் காணி உறுதிப் பத்திரமும், பம்பு வாங்கிய பற்றுச்சீட்டும் இருந்தன. சைக்கிளை எடுத்தான்.

எங்கே போகிறீர்கள் என்று றாஹிலா கேட்டாள். நீ சொன்னது உன்னுடைய பதில், இனி என்னுடையதை நான் சொல்லவேண்டும் என்றான் அவன். அவனுடைய முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. இத்தனை வருடத்தில் முதல் தரமாக, காக்கா என்ன நினைக்கிறான் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"காக்கா, நான் வேணாமெண்டுதானே சொன்னன்."

"நீ வேணாமெண்டதாலதான் போறன்," என்றான் ஜெமீல். "உறுதி எழுதுற நொத்தாரிசு வீட்டுக்கு."

அவள் மறிப்பதற்குள் சைக்கிள் கல்முனைப் பாதையில் ஏறிவிட்டது.